கேள்வி–பதில்: முகாமில் ஒரு கால், ஊரில் ஒரு கால்

அகதிகள் நலப்பணி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். எல்லாவற்றுக்கும், மியான்மர் ராணுவத்தின் வன்முறைக்குத் தப்பி வந்த ரோஹிங்யா மக்கள் வாழும், வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்ட முகாம்களையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டோம். உகாண்டாவுக்கோ லெபனானுக்கோ போனால் அலுவலகப் பெயர்கள் மாறும், தலைவலி மாறாது.

"காக்ஸ் பஜாரில் 'புரொடெக்‌ஷன் ஆபீசர்' வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். 'செக்யூரிட்டி வேலைக்கா எம்.எஸ்.டபிள்யூ. படித்தாய்?' என்கிறார் அப்பா. எப்படிப் புரியவைப்பது?"
— ஒரு வாசகி, மதுரை

அப்பா மேல் தப்பில்லை. காவல்காரர் தருவதும் பாதுகாப்பு, ஹெல்மெட் தருவதும் பாதுகாப்பு, சட்டம் தருவதும் பாதுகாப்பு என்று ஒரே சொல்லை மூன்றுக்கும் வைத்திருக்கிறோம். உங்கள் வேலை மூன்றாவதோடு சேர்ந்தது. காவலை அரசு பார்த்துக்கொள்கிறது. அந்த முகாம்களில் 2020 ஜூலையிலிருந்து ஆயுதக் காவல் படைப்பிரிவு அதைச் செய்கிறது. அடி, பாலியல் வன்முறை, ஆள்கடத்தல், பிரிந்துபோன குழந்தைகள், கையில் ஒரு காகிதம்கூட இல்லாத நிலை, உதவியைக் காட்டிச் சுரண்டுவது ஆகியவற்றிலிருந்து மனிதர்களைக் காப்பது உங்கள் பொறுப்பு.

ஒரு கழிப்பறையை வைத்தே இதை விளக்கலாம். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மியான்மரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். மலைச்சரிவை வெட்டி, மூங்கிலும் தார்ப்பாயும் கட்டி, அவசரத்தில் கழிப்பறைகள் எழுந்தன. உலக அளவில் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவு 20 பேருக்கு ஒன்று. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று. வீட்டிலிருந்து 50 மீட்டருக்குள். எண்ணிக்கை சரியாக இருந்த இடத்திலும் உள்தாழ்ப்பாள் இல்லை, விளக்கு இல்லை, வாசல் ஆண்கள் நடமாடும் பாதையைப் பார்த்து இருந்தது என்றால் பெண்கள் அங்கே போகமாட்டார்கள். பகலில் சோற்றையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு இருட்டும்வரை காத்திருப்பார்கள். பொறியாளரின் அட்டவணையில் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. கட்டுவதற்கு முன்பே அவரோடு போய், அந்தப் பகுதிப் பெண்களை நிறுத்தி, கதவு எந்தப் பக்கம் என்று கேட்பதுதான் இந்த வேலை.

"கக்கூஸ் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை" என்று அப்பாவிடம் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்.

"குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் கேஸ் வொர்க்கர்களை மேற்பார்க்கும் பொறுப்பு கிடைத்திருக்கிறது. ஒருவருக்கு எத்தனை கேஸ் கொடுக்கலாம்? கோப்புகளை எப்படி வைக்க வேண்டும்? எங்கே சறுக்கும்?"
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

கேஸ் வொர்க்கர் என்பவர் ஆபத்தில் உள்ள குழந்தையையும் குடும்பத்தையும் நேரில் சந்தித்து, தேவையான உதவி கிடைக்கும்வரை தொடர்ந்து பார்க்கும் பணியாளர்; ஒரு குழந்தை, ஒரு கேஸ். ஒருவருக்கு 25 குழந்தைகள், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து அல்லது ஆறு கேஸ் வொர்க்கர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். நிதி கொடுப்பவருக்குப் பெரிய எண் பிடிக்கும் என்பதால் 60, 70 என்று ஏற்றிவிடுவார்கள். அப்போது முதல் சந்திப்பு மட்டும் எல்லோருக்கும் நடக்கும், இரண்டாவது யாருக்கும் நடக்காது.

வரிசை இது: கண்டறிதல், மதிப்பீடு, திட்டம், செயல்படுத்தல், தொடர்ந்து பார்த்தல், முடித்தல். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் மதிப்பீடு. நடுத்தர ஆபத்துக்கு மூன்று நாள். குறைவானதற்கு ஒரு வாரம். இந்த மூன்று நிலைகளுக்கும் எது எதில் அடங்கும் என்று உள்ளூர் உதாரணங்களோடு ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பயந்த கேஸ் வொர்க்கர் எல்லாவற்றையும் 'அவசரம்' என்பார், களைத்தவர் எல்லாவற்றையும் 'சாதாரணம்' என்பார்.

கோப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். கோப்பின் மேல் எண் மட்டும் இருக்கட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறு அலமாரியில், வேறு சாவியில். வாட்ஸ்அப்பில் குழந்தையின் பெயரோ படமோ போகக் கூடாது; குழு உள்குழுவாக இருந்தாலும் சரி. தீ பிடித்தால், அலுவலகத்தைக் காலி செய்ய வேண்டி வந்தால் எதை எடுப்பது, எதை அழிப்பது, யார் செய்வது என்று முன்பே எழுதி வையுங்கள். 2021 மார்ச் 22-ல் முகாமின் பாலுகாலி பகுதியில் பிடித்த தீ சுமார் 45,000 பேரின் குடிசைகளைத் தின்றது. மூங்கிலும் தார்ப்பாயும் எரிகிற வேகத்தில் அலமாரிச் சாவி தேட நேரம் கிடைக்காது.

அதிகம் சறுக்குவது, மேல் உதவிக்கு வேறிடம் அனுப்புகிற கட்டத்தில். சேவைப் பட்டியலில் மருத்துவமனை, சட்ட உதவி, பெண்கள் மையம் என்று 40 தொலைபேசி எண்கள் இருக்கும். அழைத்துப் பார்த்தால் பாதி எடுக்காது. திட்டம் முடிந்திருக்கும், ஆள் மாறியிருப்பார். மாதம் ஒருமுறை ஒவ்வோர் எண்ணையும் ஒருவர் உட்கார்ந்து அழைத்துப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலைதான். அடுத்தது வழிப்பயணம். முகாமை விட்டு வெளியே போக, 'சி.ஐ.சி.' என்று எல்லோரும் சொல்லும் முகாம் பொறுப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். சாலையில் சோதனைச் சாவடிகள் உண்டு. மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு சிறுமியை அனுப்புவதென்றால் கடிதம், வண்டி, கூடவே ஒரு பெண் பணியாளர், மூன்றும் தயாராக இருக்க வேண்டும். கடிதத்தில் 'மருத்துவத் தேவை' என்று எழுதினால் போதும். காரணத்தை எழுதினால் ஒவ்வொரு சாவடியிலும் அதை ஒருவர் சத்தமாக வாசிப்பார்.

இன்னொன்று திட்டக்காலம். வங்கதேசத்தில் வெளிநாட்டு நிதியில் அவசரகாலப் பணி செய்ய, என்.ஜி.ஓ. விவகாரப் பணியகத்தில் எஃப்.டி.-7 என்ற படிவத்தில் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் காலம் குறுகியது. புதுப்பிப்பு தாமதமானால் பணி நின்றுவிடும். ஆகவே முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே, எந்தக் குழந்தையின் கேஸ் எந்த நிறுவனத்துக்குப் போகும் என்று குடும்பத்தின் சம்மதத்தோடு பேசி முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் 100 கோப்புகளைப் பெட்டியில் போட்டுக் கைமாற்றுவதை ஒப்படைப்பு என்று சொல்ல முடியாது.

மேற்பார்வை என்றால் கோப்பைத் திருத்துவது மட்டுமல்ல. வாரம் ஒருமுறை ஒவ்வொருவருடனும் தனியாக ஒரு மணி நேரம். முதல் கேள்வி கேஸைப் பற்றி வேண்டாம், தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.

"செவிலியராக முகாம் மருத்துவமனைக்குச் செல்லவிருக்கிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் வந்தால் எந்த நேரக்கணக்கை மனதில் வைக்க வேண்டும்?"
— ஒரு வாசகி, திருச்சி

72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 120 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை. 14 நாளுக்குள் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியின் முதல் தவணை. பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்தும், காயம் இருந்தால் சுத்தம் செய்வதும், டெட்டனஸ் ஊசியும் எப்போது வந்தாலும் உண்டு. கெடு தாண்டிவிட்டது என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

சிகிச்சைக்கு முன் போலீஸ் புகார் கேட்கக் கூடாது. நடந்ததை முழுக்கச் சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது. மருந்துக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். பெண் ஏற்கெனவே உறவுக்குப் பழகியவரா என்று விரலை நுழைத்துப் பார்க்கும் 'இரண்டு விரல் சோதனை' என்ற அசிங்கத்தை வங்கதேச உயர் நீதிமன்றம் 2018-ல் தடை செய்துவிட்டது. யாராவது பழைய படிவத்தை நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

வெளியே காத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். அந்த அறை வாசலில் 'பாலியல் வன்முறைப் பிரிவு' என்று பலகை மாட்டினால் ஒரு பெண்ணும் வரமாட்டாள். பெண்கள் நலம் என்று எழுதினால் காய்ச்சலுக்கு வருபவர்களோடு கலந்து வருவார்கள்.

"அகதிகளுக்கு ஐ.நா. தருகிறது, சரி. ஊர்க்காரருக்கு ஏன் தர வேண்டும்? அவர்கள் சொந்த மண்ணில்தானே இருக்கிறார்கள்?"
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

சொந்த மண்தான். அதன் மேல்தான் முகாம் நிற்கிறது. முகாம்கள் அமைந்த உகியா, டெக்நாஃப் என்ற இரு வட்டங்களில் இன்று ஊர்க்காரரைவிட அகதிகளே அதிகம். 2017-ல் நிவாரண லாரிகள் வருவதற்கு முன்னால் வந்தவர்களுக்குச் சோறு போட்டது அந்த ஊர்க்காரர்கள். பிறகு நடந்ததைப் பாருங்கள். கூலிக்கு ஆள் பெருகியதால் தினக்கூலி இறங்கியது. மீன், காய்கறி விலை ஏறியது. விறகுக்காகவும் குடிசைக்காகவும் காடு மொட்டையானது. பள்ளி ஆசிரியர்கள் என்.ஜி.ஓ. சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். மியான்மர் எல்லையில் ஓடும் நாஃப் ஆற்றில் மீன்பிடிக்க அதே 2017-ல் தடை வந்தது. போதை மாத்திரைக் கடத்தலும் எல்லை தாண்டலும் காரணமாகச் சொல்லப்பட்டன. நாகப்பட்டினத்துக்காரரான உங்களுக்கு, படகு கரையேறி ஆண்டுக்கணக்கில் நின்றால் ஒரு மீனவர் வீட்டில் என்ன நடக்கும் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. முகாம் வளர வளர வீட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் குடிசையாகிப்போன உள்ளூர்க் குடும்பங்களும் உண்டு.

இந்தக் கோபத்தைக் கவனிக்காமல் விட்டால் அது முகாமுக்குள்தான் திரும்பும். ஆகவே உதவிப் பணத்தில் குறைந்தது கால்பங்கு ஊர்க்காரருக்கு என்பது அங்கே வலியுறுத்தப்படும் கணக்கு. உகாண்டாவில் அகதிகளுக்கு 70, ஊர்க்காரருக்கு 30 என்று வைத்திருக்கிறார்கள்.

கணக்கு எளிது, செய்வதுதான் கஷ்டம். பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டின் கடைசிக் காலாண்டில் விழித்துக்கொண்டு, பங்கை முடிக்கத் தையல் மெஷின் வாங்கிக் கொடுப்பார்கள். ஒரே ஊரில் 40 தையல் மெஷின், தைக்கக் கொடுக்க நாலு வீடு. பட்டியலும் பெரும்பாலும் யூனியன் சேர்மனிடமிருந்து (நம் ஊராட்சித் தலைவர் போன்றவர்) வரும், அதில் அவருடைய சொந்தக்காரர்கள் வரிசையாக இருப்பார்கள். பட்டியலை அவரிடம் வாங்காமல் இருக்க முடியாது. வாங்குங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். தகுதியை முதலில் பொதுவில் அறிவியுங்கள்: கணவனில்லாமல் குடும்பம் நடத்தும் பெண், மாற்றுத்திறனாளி உள்ள வீடு, முகாமுக்கு நிலம் போனவர், தொழில் இழந்த மீனவர். பெயர்களைப் பள்ளிவாசல் அருகிலும் டீக்கடையிலும் மூன்று நாள் ஒட்டி ஆட்சேபம் கேளுங்கள். ஆனால் வன்முறைக்கு ஆளானவர், நோயாளி என்ற காரணம் அந்தத் தாளில் வரவே கூடாது. பத்தில் ஒரு வீட்டுக்காவது நேரில் போங்கள்.

இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. சமையல் எரிவாயு அப்படிப்பட்டது. 2018-ல் அகதிக் குடும்பங்களுக்கு சிலிண்டரும் அடுப்பும் கொடுக்கத் தொடங்கினார்கள். நலிந்த ஊர்க்காரர்களுக்கும் கொடுத்தார்கள். விறகுக்காகக் காட்டுக்குப் போய் அடியும் அவமானமும் பட்ட பெண்களும் சிறுவர்களும் வீட்டில் இருந்தார்கள், மரம் மறுபடி துளிர்த்தது, 'எங்கள் காட்டை அழித்தார்கள்' என்ற சண்டைக்கும் சூடு தணிந்தது. மூன்று துறைகளின் பலன், பட்ஜெட்டில் எரிசக்தி என்ற ஒரே தலைப்பின் கீழ். பாதுகாப்பு அதிகாரிகள் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை என்றால் வேறு யார் போவது?

(யானைகளும் இந்த ஊர்க்காரர்கள்தான். முகாம் அவற்றின் வழித்தடத்தில் விழுந்தது. ஆரம்ப மாதங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் மிதிபட்டு இறந்தார்கள். பிறகு அகதிகளையே பயிற்றுவித்து, மூங்கில் கோபுரங்களில் இரவுக் காவல் வைத்து, யானையைத் திருப்பி அனுப்பப் பழகினார்கள்.)

"எங்கள் திட்டத்தில் புகார்ப் பெட்டி வைத்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு புகாரும் இல்லை. மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதலாமா?"
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

எழுதாதீர்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். மாஜியின் குடிசை வாசலில் இருக்கும். மாஜி என்பவர் ஏறத்தாழ நூறு குடும்பங்களுக்கு ஒருவராக 2017-ல் மேலிருந்து நியமிக்கப்பட்ட தலைவர். நிவாரணப் பட்டியல் அவர் வழியாகப் போனதால் பணம் பறித்தவர்களும் அவர்களில் உண்டு. அவரைப் பற்றிய புகாரை அவர் கண் முன்னாலேயே போட யாருக்குத் துணிச்சல் வரும்?

அடுத்து எழுத்து. ரோஹிங்யா மொழி பெரும்பாலோருக்குப் பேச்சு மட்டும்தான். எழுதத் தெரியாத ஊரில் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பயனில்லை. தொலைபேசி எண் கொடுக்கலாம் என்பீர்கள். அகதிகள் பெயரில் சிம் வாங்கப் பல ஆண்டுகள் அனுமதியே இல்லை; 2019 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு முகாம்களில் அதிவேக இணையமும் கிடையாது. இருக்கும் ஒரு போனும் கணவன் சட்டைப்பையில்.

என்ன வேலை செய்கிறது என்றால், நேரில் கேட்பதுதான். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், ஒரு குறிப்பிட்ட இடத்தில், பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண். சொல்வதை ஒலிப்பதிவுக் கருவியிலோ படிவத்திலோ கேட்கும் பணியாளரே பதிவு செய்துகொள்ள வேண்டும். குழாய் உடைந்தது, அரிசி எடை குறைந்தது போன்றவற்றுக்கு இரண்டு வாரத்துக்குள் பதில். 'முடியாது' என்பதும் பதில்தான், ஆனால் போய்ச் சொல்ல வேண்டும். பணியாளர் மீதான புகார் என்றால் அதே நாளில், நியமிக்கப்பட்ட ஒருவரிடம் மட்டும் போக வேண்டும்; களத் தலைவர் வழியாகப் போகக் கூடாது.

உதவிக்குப் பதில் உடல் கேட்கும் கொடுமை 2002-ல் மேற்கு ஆப்பிரிக்க முகாம்களில் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு மறு ஆண்டு ஐ.நா. பொதுச்செயலாளர் வெளியிட்ட விதிகள்தான் இன்றும் அடிப்படை. 18 வயதுக்குட்பட்டவரோடு உறவு எந்த நாட்டுச் சட்டம் எதைச் சொன்னாலும் தடை. 'வயது தெரியாது' என்பது சாக்கு ஆகாது. பணம், வேலை, பொருள் கொடுத்து உறவு கொள்வதும் தடை. சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டும். ஓட்டுநரிலிருந்து மூட்டை தூக்குபவர்வரை எல்லோருக்கும் இதை அவரவர் மொழியில் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ஆங்கிலத் தாளில் வாங்கிய கையெழுத்து விசாரணையின்போது நிற்காது.

"ரேஷன் குறைந்தால் அது உணவுத் துறையின் பிரச்சினை அல்லவா? பாதுகாப்புப் பிரிவு ஏன் கூச்சலிடுகிறது?"
— ஒரு வாசகர், வேலூர்

உலக உணவுத் திட்டம் அங்கே தலைக்கு மாதம் 12 டாலர் கொடுத்துவந்தது. 2023 மார்ச்சில் 10, ஜூனில் 8. எட்டு டாலர் என்றால் நாளுக்கு 27 சென்ட். 2024-ல் படிப்படியாக ஏறியது. 2025 மார்ச்சில் 6 ஆகும் என்று அறிவிப்பு வந்து, மாத இறுதிக்குள் 12 என்று மாறியது. ஒவ்வொரு குறைப்புக்கும் பின்னால் வருவது: பையன் வேலைக்கு, பெண் கல்யாணத்துக்கு, இளைஞன் மலேசியா போகும் படகுக்கு, வீட்டுக்குள் அடிதடி. இவை எல்லாம் உங்கள் கேஸ் பட்டியலில்தான் வந்து விழும். ஆகவே குறைப்பு அறிவிப்பு வந்த அன்றே அடுத்த மூன்று மாதத்துக்கு ஆள், போக்குவரத்து, அவசர நிதி கூட்டிக் கேளுங்கள்.

ரேஷன் அட்டை பற்றி ஒரு நுணுக்கம். குடும்பத்துக்கு ஓர் அட்டை; கணவன் விட்டுப் போனால் பெரும்பாலும் அட்டையும் அவனோடு போகும். அட்டையைப் பிரித்துக் கொடுக்கும் விண்ணப்பம் பெண்ணுக்குச் சட்டப் புத்தகத்தைவிட உதவும். உங்கள் சட்ட உதவியாளருக்கு முதலில் அதைக் கற்றுக்கொடுங்கள்.

"கணக்கெடுப்பில் கைரேகை, படம் எல்லாம் எடுக்கிறார்களே, அகதிகளுக்கு அதில் ஆபத்து இல்லையா?"
— ஒரு வாசகி, புதுச்சேரி

உண்டு. அங்கே 2018-ல் அரசும் ஐ.நா. அகதிகள் முகமையும் சேர்ந்து பதிவு தொடங்கின. அட்டையில் 'ரோஹிங்யா' என்ற பெயர் இல்லை என்று அதே ஆண்டு அகதிகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். 2021-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு, அந்த விவரங்கள் முறையான சம்மதம் இல்லாமல் மியான்மர் அரசுக்குப் போயின என்று குற்றம்சாட்டியது. சம்மதம் தனியாகக் கேட்டோம் என்று முகமை மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வாதம் இருக்கட்டும். 'சம்மதமா?' என்று கேட்கும் கையிலேயே ரேஷன் அட்டையும் இருந்தால், எதிரில் இருப்பவர் தலையாட்டாமல் என்ன செய்வார்? சம்மதம் கேட்பதை உதவி கொடுக்கும் மேஜையிலிருந்து தள்ளி வையுங்கள். மறுத்தாலும் அரிசி கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். உதவ வழி இல்லாத விஷயத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். 'உங்களுக்கு என்ன கொடுமை நடந்தது?' என்று நூறு பேரிடம் எழுதிக்கொண்டு போய்விடுவது ஆய்வாகத் தெரியலாம். சொன்னவருக்கு அது இன்னொரு காயம்.

"தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து அங்கே கற்றுக்கொடுக்க ஏதாவது உண்டா?"
— ஒரு வாசகர், மண்டபம்

உண்டு, அளவோடு. இந்தியாவும் வங்கதேசமும் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவை. இரண்டிலும் நிர்வாக உத்தரவுகளை நம்பித்தான் வாழ்க்கை. 2021-ல் தமிழ்நாட்டு முகாம்கள் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறின. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிப்பதும், வெளியே வேலைக்குப் போக முடிவதும், 1984-ல் ஈழ அகதிகளே தொடங்கிய மறுவாழ்வுக் கழகம் போல அகதிகள் தாமே நிறுவனம் நடத்துவதும் காட்டத்தக்கவை. ரோஹிங்யா பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பள்ளி கிடையாது. மியான்மர் பாடத்திட்டமே 2021-ல்தான் தொடங்கியது. ஆனால் நம் பக்கம் ஊரும் முகாமும் ஒரே மொழி பேசியது பாதி வேலையை முடித்துவிட்டது. அந்த வசதி அங்கே முழுதாக இல்லை.

"மொழி பிரச்சினை என்கிறார்களே, ரோஹிங்யா மொழி சிட்டகாங் மொழி போலத்தானே?"
— ஒரு வாசகி, சென்னை

காக்ஸ் பஜாரை ஒட்டிய சிட்டகாங் பகுதியின் பேச்சுக்கு நெருக்கம்தான், அதனாலேயே ஏமாற்றும். சிட்டகாங்காரருக்குப் பெரும்பாலும் புரியும், புரியாத இடத்திலும் புரிந்ததாக நினைத்துக்கொள்வார். டாக்காவிலிருந்து வருபவருக்கு அதுவும் இல்லை. 'கா லாமனி' என்று ஒரு தாய் சொன்னால் சொல்லுக்குச் சொல் 'உடம்பு இறங்குகிறது' என்பது போல வரும். மருத்துவர் களைப்பு என்று எழுதி வைட்டமின் கொடுத்து அனுப்பிவிடுவார். அவள் சொன்னது வயிற்றுப்போக்கு.

மொழிபெயர்ப்பாளரை எடுக்கும்போது பெண்களுக்குப் பெண்ணையே எடுங்கள். முகாமின் அதே பிளாக்கில் (பகுதியில்) குடியிருப்பவர் வேண்டாம், சொந்தக்காரர் அறவே வேண்டாம். சொன்னதை அப்படியே சொல்லவும், நாகரிகப்படுத்தாமல் இருக்கவும் இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். முதல் நாள் நீங்கள் பேசவே வேண்டாம். நோய், மாதவிடாய், அடி, பயம், கல்யாணம் ஆகியவற்றுக்கு அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.